மஞ்சள் நனைத்த வேட்டி

மூன்று நாள் கெடு. என் முதல் படத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பாகலூருக்குப் பக்கத்தில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாள் படத்துக்குப் பணம் போட்டார். இயக்குநர் அவருடைய தம்பி. "மூணு நாள் எடும்மா, பாக்கறேன். எனக்குப் புடிக்கலன்னா சென்னையிலருந்து ஒருத்தர வரச் சொல்லிடுவோம். அவரும் ரெடியாத்தான் இருக்கார். கோவிச்சுக்காத" என்று அம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னார். தம்பி தலையைக் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

கோவித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் தொடங்கி, சென்னையில் பெரிய ஒளிப்பதிவாளர்களிடம் லென்ஸ் பெட்டி தூக்கி, திரும்பி வந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்பு வாரப் படங்கள் எடுத்துக் கொடுத்து, இருபது வருஷத்துக்கு மேல் கேமராவோடு கிடந்தவள் நான். நாற்பதைத் தாண்டியபிறகு, 'ஒளிப்பதிவு' என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் வரப்போகிற முதல் படம் இது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி அமைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்கும் ஒரு பரீட்சையா என்று வயிறு எரிந்தது. ஆனாலும் இந்தப் படம் எனக்கு வேண்டும். வேறு எதையும் இவ்வளவு வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தேன். லைட்டுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அண்ணன் வர வேண்டும், அவர் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றேன். "அவரு அவ்ளோ பெரிய ஆளாக்கா?" என்று இயக்குநர் கேட்டார். "எனக்கு அவருதான் வேணும்" என்றேன். காரணம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமாக இருந்தால் இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருப்பேனா.

அந்தக் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சாமல்பட்டி பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். நான் பன்னிரண்டாவது முடித்ததும் ஓசூருக்கு வந்து, வண்டிக்கான பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எனக்கு வேலை பரிசோதனை மேஜையில். வரிசையாக வெள்ளை டியூப்லைட் எரியும். அதற்குக் கீழே பெயிண்ட் அடித்த மூடிகள் வந்துகொண்டே இருக்கும். கீறல் இருக்கிறதா, நிறம் ஒரு சாயல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். மற்றவர்கள் மாதிரிப் பலகையை வைத்து ஒப்பிடுவார்கள். நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். "இந்தப் பொண்ணு கண்ணு மெஷினுடா" என்று சூப்பர்வைசர் சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

எங்கள் விடுதிக்குக் கீழே ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள். அந்தச் சமயத்தில் பெண் வீட்டார் பலபேர், மணப்பெண் அறைக்குள் ஆண்கள் கேமராவோடு வரக்கூடாது என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் என்னைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறோம் என்று போனேன். முதல் நாள் அந்தப் பெரிய கேமராவைத் தோளில் வைத்ததும், இனி மூடி பொறுக்கப் போக மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. நான்கு மாதத்தில் கம்பெனியை விட்டேன். அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று நாள் திட்டினாள். "ஊரான் ஊட்டு கல்யாணத்தயெல்லாம் நீ எடுக்கற. உன் கல்யாணத்த எவன்டி எடுப்பான்?" என்று கேட்டாள். இன்றைக்கு வரை எடுக்க எனக்கொரு கல்யாணமே நடக்கவில்லை. ஆனால் அதற்காக நான் அழுததும் இல்லை.

மண்டபங்களில் என்னை வேடிக்கை பார்ப்பார்கள். மேடையில் ஏறினால், "யாரும்மா நீ, மணப்பொண்ணு சிநேகிதியா, எறங்கு எறங்கு, கேமராக்காரர் வரட்டும்" என்பார்கள். நான்தான் கேமராக்காரர் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி ஆசீர்வாதம் முடிந்திருக்கும். எனக்குத் துணையாக நின்றது லைட் பிடிக்கும் அந்த அண்ணன் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எப்போதோ பல்பு வெடித்து நெற்றியில் நீளமாக ஒரு தழும்பு. அதிகம் பேச மாட்டார். நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அந்தப் பக்கம் வெளிச்சம் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கேமராவைப் போட்டதும் முதலில் அதற்கு வெள்ளை எது என்று காட்ட வேண்டும். நீங்கள் எதை வெள்ளை என்று காட்டுகிறீர்களோ அதை நம்பித்தான் மற்ற எல்லா நிறத்தையும் அது முடிவு செய்யும். இதற்கென்று வெள்ளை அட்டை இருக்கிறது என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டிக்கா பஞ்சம்? எதிரில் யார் வேட்டி கட்டி நிற்கிறாரோ அவர் இடுப்புக்குக் கீழே குறிவைத்து ஒரு பொத்தானை அழுத்துவோம். நிற்பவருக்கு ஒன்றும் புரியாது, வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று பதறிப்போய்க் கையால் பிடித்துக்கொள்வார்.

முழுக் கல்யாணத்தையும் நான் தனியாக எடுத்த முதல் நாள் அது. ராயக்கோட்டையில் ஒரு மண்டபம். பெண் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், மாப்பிள்ளை வீட்டில் தமிழ். காலையில் மணப்பெண் அறையில் எடுத்தது ஒன்றும் குறை இல்லை. தலையணை உறையை வெள்ளையாகக் காட்டிவிட்டு எடுத்தேன். மணப்பெண் பசி தாங்காமல், அலங்காரம் கலையாதபடி தலையை முன்னால் நீட்டி இட்லி தின்றாள். வாயில் இட்லியோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு. கேமரா ஆடியது.

பிறகு மேடை. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே சேலையைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். திரையை இறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. மேடை வெளிச்சம் வேறு, மறுபடி வெள்ளை காட்ட வேண்டும். எனக்கு மிக அருகில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை. அவர் வேட்டியைக் காட்டி அழுத்தினேன். முகூர்த்த வேட்டியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் கட்டுவார்கள். இது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நானே நனைத்திருக்கிறேன். ஆனால் அந்த லைட்டின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா வேட்டியும் ஒன்றுபோல இருந்தது. கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்துக் கேமராவில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். மெஷின் கண்ணு என்று பெயர் வாங்கியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேளம் தட்டிவிட்டார்கள்.

மஞ்சளை வெள்ளை என்று நம்பிய கேமரா, மற்ற எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டது. திரை இறங்கி இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வது, தலையில் சீரகமும் வெல்லமும் வைப்பது, தாலி, அட்சதை எல்லாமே நீலம். தண்ணீரில் மூழ்கி எடுத்த மனிதர்களைப் போல உதடெல்லாம் ஊதா.

ஒரு வாரம் கழித்துப் பெண் வீட்டார் ஸ்டுடியோவுக்கு வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். "ஏமம்மா இதி?" என்று தெலுங்கில் ஆரம்பித்த பெண்ணின் அம்மா, கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்தார். "இது கல்யாணமா, கருமாதியா?" என்றார். ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். இந்த வேலை போனால் மறுபடி மூடி பொறுக்கத்தான் போக வேண்டும். இன்னொரு ஸ்டுடியோ ஒரு பெண்ணைச் சேர்க்காது. "லைட்டு சரியில்லைங்க. அண்ணன் பல்பு மாத்தினாரு, அதுலருந்து இப்படி" என்றேன். அவர் பல்பு மாற்றவே இல்லை. பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே போனேன். பல வருஷம் கழித்து ஒரு தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் படம் எடுக்கப் போனபோது, வாடகைக்கு லைட் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அதற்குப் பிறகு என் வேலைக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டேன். பரிகாரம் பண்ணுவதாக ஒரு நினைப்பு. மன்னிப்பு தொண்டை வரைக்கும் வரும். டீயைக் குடித்து உள்ளே அனுப்பிவிடுவேன்.

இனி படத்துக்கு வருகிறேன். முதல் நாள் பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களை எடுத்தோம். விடியும் நேரம், சாப்பாட்டுப் பை, தலையில் ஈரம் காயாத பூ. ரோஜாத் தோட்டத்து அம்மாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று விடிய விடிய யோசித்தேன்.

இரண்டாம் நாள் ராயக்கோட்டைத் தக்காளி மண்டி. மண்டிக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே தக்காளி கத்திரிக்காய் மாதிரி தெரிந்தது. எனக்கு நீலம் என்றாலே ஆகாது. தார்ப்பாயைக் கழற்றச் சொன்னேன். "ஏம்மா, வெயில்ல சரக்கு வதங்கிடாதா? உங்க படம் பெருசா, எங்க தக்காளி பெருசா?" என்று மண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். "பத்து நிமிஷம் வதங்கினா உங்க தக்காளி செத்துடாது" என்று நானும் ஏறினேன். அண்ணன்தான் நடுவில் வந்து, நாங்களே கழற்றி நாங்களே கட்டிக் கொடுக்கிறோம் என்று சமாதானம் பண்ணினார். அன்று எடுத்ததைப் பார்த்துவிட்டு அம்மாள், "தக்காளி தக்காளியாட்டம் இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

மூன்றாம் நாள் கல்யாணக் காட்சி. இருவீட்டார் கூடும் காட்சி என்று இயக்குநர் எழுதியிருந்தார், ஒருபக்கம் தெலுங்கு, ஒருபக்கம் தமிழ். ராயக்கோட்டையில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. தரையை மாற்றியிருந்தார்கள், சுவரில் புதுப் பெயிண்ட். ஆனால் மேடைக்குப் பக்கத்து வளைவு அதே வளைவு. அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒயரை இழுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

அம்மாள் காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். "இந்தக் காட்சிய மட்டும் கவனமா எடும்மா. என் கல்யாணம் இதே மண்டபத்துலதான் நடந்துச்சு. வீடியோ எடுத்தாங்க பாரு, மேடையில எடுத்தது பூரா நீலம். எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க."

அலங்காரத்தைக் கழித்து, இருபது வருஷத்தைக் கழித்து அந்த முகத்தைப் பார்த்தேன். இட்லி தின்ற பெண். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு வந்த கேமராப் பெண்ணை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ஆனால் மேடையில் லைட்டை உயர்த்திக்கொண்டிருந்தவரின் நெற்றி அவர் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து மேடைக்கே போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஏங்க, நீங்க முன்ன ஓசூர்ல ஒரு ஸ்டுடியோவுல இருந்தீங்கதானே? எங்க கல்யாணத்துக்கு லைட்டு போட்டது நீங்கதானே? பல்ப மாத்திக் கெடுத்துட்டீங்கன்னு சொன்னாங்களே."

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆமாம்மா. ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார்.

அம்மாள் என்னிடம் திரும்பினார். "கல்யாணக் காட்சிக்கு இவரா? வேணாம்மா, அபசகுனம். வேற ஆள வரச் சொல்லு. நீ நல்லாத்தான் எடுக்கற. ரெண்டு நாளும் பாத்தேன். சென்னைக்காரர் வேணான்னு காலையிலயே தம்பிகிட்ட சொல்லிட்டேன். நீயே இருந்து முடி. இவர மட்டும் அனுப்பிடு."

படம் என் கைக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அண்ணனுக்கு வேறு நல்ல வேலை பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குக்கூடப் போட்டது மனசு. இப்படி ஒரு மனசை வைத்துக்கொண்டு பரிகாரம் வேறு பண்ணினேன். எனக்கே என்மேல் அப்படிக் கோபம் வந்தது.

"அவர் எதுவும் பண்ணலைங்க மேடம்" என்றேன். "கேமரா எடுத்தது நான். மாப்பிள்ளை வேட்டியக் காட்டி வெள்ளை வெச்சேன். அது மஞ்சள்ல நனைச்ச வேட்டி. அதனாலதான் எல்லாம் நீலமாச்சு. பல்பு மாத்தினாருன்னு நான் சொன்னது பொய். அவரு வேலை போனது என்னாலதான்."

மண்டபத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு நீயா?" என்றார் அம்மாள்.

"ஆமாங்க."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"பயம். வேலை போயிடும்னு."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்குது."

அம்மாள் வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டார். கார் கிளம்பிப் போய்விட்டது.

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஓகே சொல்லிட்டாங்களேக்கா. யாரு உங்கள இப்ப கேட்டா?" என்றவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சென்னைக்காரருக்குத்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன். மேடைப் படியில் உட்கார்ந்து லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன். அழக்கூடாது என்று இருந்தேன். மூக்கு மட்டும் ஒழுகியது.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் போயிருப்பேன்ல. எனக்கு இது ஒண்ணும் புதுசில்லயே" என்றார்.

"மன்னிச்சிருங்கண்ணா" என்றேன். அத்தனை வருஷம் வராத சொல், வந்தபோது சண்டை போடுகிற குரலில் வந்தது. "நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ வேட்டியக் காட்டும்போதே பாத்தேன். சொல்றதுக்குள்ள மேளம் தட்டிட்டாங்க. அப்பறம் ஸ்டுடியோவுல சொல்லி என்ன ஆவும்? லைட்டுக்காரன் பேச்ச எவன் நம்புவான்?"

"என்மேல கோபம் இல்லயா?"

"இல்லாம? ரெண்டு வருஷம் உன்னத் திட்டாத நாளில்ல. அப்பறம் கிரானைட் தூசியில இருமறதுக்கே நேரம் சரியாப் போச்சு."

அவர் என் பெட்டியைப் பார்த்தார். "இதெல்லாம் ஏன் உள்ள வெக்கற? போன்னு உன்ன யாரும் சொல்லலயே" என்று சொல்லிவிட்டு லைட்டுகளைச் சரிபார்க்கப் போனார்.

முக்கால் மணிநேரம் இருக்கும். வாசலில் கார் வந்து நின்றது. அம்மாள் இறங்கினார். கையில் ஒரு துணிப் பை. யாரையும் பார்க்காமல் நேராக மேடைக்கு வந்தார்.

"அந்தக் கேசட்ட சிடி ஆக்கி வெச்சிருக்கறோம்" என்றார். "மேடையில எடுத்ததப் பாக்கவே மாட்டேன். முன்னால ரூம்ல இட்லி திங்கற எடம் வருதில்ல, அத மட்டும் இன்னிக்கும் போட்டுப் பாப்பேன். என் வாழ்க்கையில நான் அப்படிச் சிரிச்சது அதுல மட்டும்தான் இருக்குது. எடுத்தது யாருன்னு தெரியாம இருந்தேன்."

பையிலிருந்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார்.

"எங்க வீட்டுக்காரரோடது. நானே தொவச்சேன். கேமராவுக்கு இதக் காட்டு. மஞ்சள் இல்ல."

என் பையில் அதற்கென்றே அட்டை இருந்தது. வெளிநாட்டு அட்டை. அதை நான் வெளியே எடுக்கவில்லை. வேட்டியை விரித்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓரமெல்லாம் பார்த்தேன்.

"பாரு, நல்லாப் பாரு" என்றார் அம்மாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "லைட்டப் போடுங்கண்ணா, நேரமாவுது" என்றார்.

அண்ணன் லைட்டைப் போட்டார். அப்புறம் என்னிடமிருந்து வேட்டியை வாங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தி, மாப்பிள்ளை உட்கார வேண்டிய மணையருகில் போய் நின்றார். நான் கேமராவைத் திருப்பி, படம் முழுக்க அந்த வேட்டி மட்டும் தெரியும்வரை நெருங்கிப் பொத்தானை அழுத்தினேன். அவர் மெதுவாக வேட்டியை இறக்கினார். நெற்றித் தழும்பு, கண், மீசை என்று ஒவ்வொன்றாக அவர் முகம் தெரிந்தது. எல்லாம் அதனதன் நிறத்தில் இருந்தன.